வக்கீலம்மாவுக்கு ஒரு பெட்டி

டேப் அண்ணன் என்று சொன்னால்தான் அவரைத் தெரியும். பெயரைச் சொல்லிக் கேட்டால் அவர் வேலை பார்க்கும் கம்பெனியிலேயே பாதிப் பேர் முழிப்பார்கள். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களைக் கட்டி, லாரியில் ஏற்றி, புது வீட்டில் இறக்கித் தருகிற கம்பெனி அது. அங்கே இருபத்திரண்டு வருஷமாகப் பெட்டி கட்டுகிறார். பழுப்பு நிற டேப் சுருள் ஒன்றை இடது மணிக்கட்டில் வளையல் மாதிரி மாட்டிக்கொண்டே திரிவார். சாப்பிடும்போதுகூடக் கழற்றுவதில்லை. "தூங்கும்போதாவது அதைக் கழட்டி வைங்க, என்னையும் சேர்த்து ஒட்டிடப் போறீங்க" என்று அவர் மனைவி சத்தம் போடாத வாரம் கிடையாது.

இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கட்டிய பெட்டிக்குள் ஒரு கண்ணாடி டம்ளர்கூட உடைந்ததில்லை. இதை அவரே சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். கட்டி முடித்ததும் பெட்டியைத் தூக்கிக் காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்குவார். உள்ளே இம்மென்று ஒரு சத்தம் வந்தாலும் பிரித்து மறுபடி கட்டுவார். மனுஷனுக்கு அப்படி ஒரு பிடிவாதம்.

அவருக்கு ஒரே மகள். நாலு வயதில் தூங்கப் போகச் சொன்னால், "ஏன் தூங்கணும்? யார் சொன்னது? அவங்க தூங்கிட்டாங்களா?" என்று கேட்டவள். அன்றைக்கு வைத்த பெயர்தான் வக்கீலம்மா. அவள் சட்டம்தான் படிப்பாள் என்று தெருவே நினைத்துக்கொண்டிருக்க, அவளோ மண்ணைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்றாள்.

"மண்ணா? நம்ம வாசல்ல கிடக்குதே, அந்த மண்ணா?" என்று அப்பா வாயைப் பிளந்தார்.

"அதேதான். அது எங்கிருந்து வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டார்.

அந்தப் படிப்புக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் மொத்தமே பதினெட்டு இடம். பதினேழாவதாக இவள் பெயர் வந்தது. பஸ்ஸில் விடிய விடியப் போக வேண்டிய தூரம். திங்கட்கிழமை சாயங்காலம் ஆறரை பஸ்ஸில் அம்மாவும் மகளும் கிளம்புவது, செவ்வாய் காலை பத்து மணிக்குள் அசல் சான்றிதழ்களைக் காட்டிக் கையெழுத்துப் போடுவது, அம்மா இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்புவது என்று ஏற்பாடு. பத்து மணி தாண்டினால் அந்த இடம் காத்திருக்கிற அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று கடிதத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அப்பா அந்த வரியைப் படித்துப் படித்துக் காகிதத்தில் கட்டைவிரல் ரேகையே விழுந்துவிட்டது.

ஊரார் வீட்டையெல்லாம் கட்டி அனுப்பியவர், தன் வீட்டிலிருந்து இதுவரை ஒரு பெட்டிகூடக் கட்டி அனுப்பியதில்லை. கட்ட அவசியமே வரவில்லை. கல்யாணமான நாளாக அதே வீடுதான். ஆகவே மகள் கிளம்புகிறாள் என்றதும் மனுஷன் தலைகால் புரியாமல் ஆடினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கினார்.

"ஆறா? நான் படிக்கப் போறேனா, குடித்தனம் போறேனா?" என்றாள் வக்கீலம்மா.

"ஒரு பொண்ணுக்கு ஆறு ஜாஸ்தியாம்மா?"

"ஒண்ணு. ஒரே ஒரு பெட்டி, அப்புறம் என் தோள்பை. பஸ்ல இருபது கிலோவுக்கு மேல ஏத்த மாட்டாங்க. உள்ள என்ன போகணும்னு நான் சொல்றேன், எப்படிப் போகணும்னு நீங்க பாருங்க. இன்னொண்ணு, மேல எதுவும் எழுதாதீங்க. 'உடையும் பொருள், கவனம்'னு எழுதி ஹாஸ்டல்ல என் மானத்தை வாங்காதீங்க."

ஒப்பந்தம் முடிந்தது. அம்மாவின் பட்டியலில் நாற்பத்தொரு சாமான் இருந்தது. அதில் நாற்பது மகள் ஒத்துக்கொண்டவை. நாற்பத்தொன்றாவது நகவெட்டி. மகள் நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியில் நகமென்று ஒன்றும் மிச்சமில்லை, அவளுக்கு எதற்கு நகவெட்டி? "என்னைக்காவது வளரும்" என்று அம்மா அதைச் சோப்பு டப்பாவுக்குள் திணித்தாள்.

அப்பா கட்டியதைப் பார்க்க வேண்டுமே! அடியில் தட்டும் இஸ்திரிப் பெட்டியும், அதன் மேல் இரண்டு படுக்கை விரிப்பு. மேஜை விளக்கின் பல்பைக் காலுறைக்குள் நுழைத்து, அந்தக் காலுறையை டம்ளருக்குள் நுழைத்து, அந்த டம்ளரைத் துண்டில் சுருட்டினார். பூட்டுக்கு மூன்று சாவி. ஒன்று பெட்டியில், ஒன்று பையில், ஒன்று அம்மாவிடம். ஊசி நூல், மழைக்கோட்டு, நீள வயர் வைத்த பிளக் போர்டு, துணி காயப்போடும் கிளிப்புகள், எல்லாம் விரல் நுழைய இடமில்லாமல் உட்கார்ந்தன. மகள் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாதாடவில்லை, குறுக்கே பேசவில்லை. மூடி டேப் ஒட்டுவதற்கு முன்னால், பக்கத்து வீடுகளில் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து போனாள்.

அங்கேதான் அவருக்குப் புத்தி கெட்டது.

வாடிக்கையாளர் வீட்டில் வேலை தொடங்கும்போது அவர் முதலில் சொல்வது இது: "சர்டிபிகேட், நகை, மருந்து. இந்த மூணும் பெட்டியில போடாதீங்க, உங்க கையிலயே வெச்சுக்கோங்க." தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் மகளின் தோள்பையைப் பார்த்தார். அதன் ஜிப் போன மாதம் ஒருமுறை பிய்ந்து, அம்மா தைத்துக் கொடுத்திருந்தாள். இந்தப் பையை நம்பியா அசல் சான்றிதழ்களை அனுப்புவது? தான் கட்டிய பெட்டியைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் உண்டா? சத்தமில்லாமல் நீல நிற ஃபைலைப் பையிலிருந்து எடுத்தார். இரண்டு படுக்கை விரிப்புக்கு நடுவே வைத்தார். மூடி, டேப் ஒட்டினார். கிளம்பும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

தன் கைவேலை மேல் மனுஷனுக்கு இருந்த கர்வம்தான், வேறென்ன சொல்வது!

திங்கட்கிழமை காலையில் பெட்டியை எடைபோட வேண்டுமென்று கம்பெனி கிடங்குக்கே தூக்கிப் போனார். வீட்டில் தராசு ஏது? பத்தொன்பது கிலோ நானூறு கிராம். தராசைச் சுற்றி நின்றவர்களிடமெல்லாம் முள்ளைக் காட்டினார். பெட்டியைச் சுவரோரம் வைத்தார். அதற்குள் மேலாளர் கூப்பிட்டு, பக்கத்துத் தெருவில் ஒரு பியானோவைக் கட்டிவிட்டு வரச் சொன்னார். போய்விட்டார். பியானோ லேசில் பிடி கொடுக்குமா? மூன்று மணிக்குத்தான் திரும்பினார்.

சுவரோரம் துடைத்துவிட்டதுபோல் காலியாக இருந்தது.

அந்தச் சுவரோரம்தான் ஒரு பல் டாக்டரம்மாவின் பெட்டிகளும் இருந்தன. அவர் வீட்டையும் கிளினிக்கையும் சேர்த்து ஊரின் மறுகோடிக்கு மாற்றுகிறார். எல்லாம் டேப் அண்ணன் முதல் நாளே கட்டி வைத்தவை. கட்டுவது அவர் வேலை. ஏற்றும்போது பெட்டி மேல் எழுதுவது டிரைவர் வேலை. டிரைவருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, நீங்க எண்பத்தாறுன்னு சொன்னீங்க, எண்ணிப் பார்த்தா எண்பத்தேழு" என்று டிரைவர் பெருமையோடு ஆரம்பித்தார். "நீங்கதான் ஒண்ணை விட்டிருப்பீங்கன்னு நானே தாள்ல திருத்திட்டேன். எல்லாத்தையும் ரெண்டு மணிக்கே இறக்கியாச்சு."

"சுவரோரம் தனியா ஒண்ணு இருந்துச்சேப்பா…"

"அது கிளினிக் பெட்டிங்க பக்கத்துலதானே இருந்துச்சு. அதுலயும் 'கிளினிக்'னு எழுதிட்டேன். ஒண்ணும் கவலைப்படாதீங்க."

டேப் அண்ணன் போனை வைத்தார். அடுத்த பஸ் மறுநாள் சாயங்காலம்தான். கம்பெனியின் சின்ன வேனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்தும் ஒரு வார்த்தை வரவில்லை. வாசலில் மகள் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டாள்.

சொன்னார். பெட்டி போனதைச் சொன்னார். பிறகு, இதற்குப் பதில் பூமி பிளந்து தன்னை விழுங்கியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே, "ஃபைலும் அதுலதாம்மா இருக்கு" என்றார்.

உள்ளேயிருந்து வந்த அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. "ஊருக்கெல்லாம் சொல்வீங்களே! சர்டிபிகேட் கையிலன்னு ஊருக்கெல்லாம் சொல்வீங்களேங்க!" என்று அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மகள் அழுவாள், கத்துவாள், குறைந்தபட்சம் ஒரு மணி நேரம் குறுக்கு விசாரணை செய்வாள் என்று அவர் தயாராக நின்றார். அவள் பையைத் திறந்து ஃபைல் இல்லை என்பதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது. கட்டைவிரலை வாயில் வைத்துக் கடித்தாள்.

"அந்தக் கிளினிக் பெட்டி எத்தனை?"

"நாற்பது. நம்மளோட சேர்த்து நாற்பத்தொண்ணு. எல்லாம் ஒரே அளவு, ஒரே அட்டை, ஒரே எழுத்தும்மா."

"அந்த நாற்பதையும் கட்டினது யாரு?"

"நான்தான். ஒண்ணு விடாம நான்தான்."

"டேப் ஒட்டினதும் நீங்கதானா?"

"நான்தான்னு சொல்றேனே!"

"அப்ப கிடைச்சிடும். அம்மா, நீ பஸ் நிலையத்துக்குப் போயிடு. நாங்க அங்க வந்துடறோம். வண்டியை எடுங்கப்பா."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டதும் கை தானாகச் சாவியைத் திருப்பியது. இப்படி ஒரு நிதானம் இந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது? தன்னிடமிருந்து இல்லை, நிச்சயமாக இல்லை.

டாக்டரம்மாவின் புதுக் கிளினிக்கில் பெயிண்ட் வாசனை போகவில்லை. பல் பார்க்கும் நாற்காலி பிளாஸ்டிக் உறையோடு நடுவில் நின்றது. சுவரை ஒட்டி, நாலு நாலாக அடுக்கிய பெட்டிகள். எல்லாவற்றிலும் 'கிளினிக்', 'கிளினிக்', 'கிளினிக்' என்று டிரைவரின் கோணல் எழுத்து. டேப் அண்ணன் இடுப்பிலிருந்த கத்தியை உருவிவிட்டார்.

"கத்தியை உள்ள வைங்க!" என்றார் டாக்டரம்மா. "எல்லாம் கிருமி இல்லாம சுத்தம் பண்ணி அடைச்ச கருவிங்க. ஒரு பெட்டியைத் திறந்தீங்கன்னா அதுல உள்ளதையெல்லாம் நான் மறுபடி கொதிக்க வைக்கணும். நாளைக்குக் காலையில எட்டு மணிக்குப் பல் காட்ட ஆள் வருது. உங்க பெட்டி எதுன்னு காட்டுங்க, எடுத்துட்டுப் போங்க. தேடறேன்னு நாற்பதையும் பிரிக்க விட மாட்டேன்."

"டாக்டரம்மா, பொண்ணோட படிப்பும்மா…" கத்தியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார். சுவரைப் பார்த்தார். நாற்பத்தொரு பெட்டி. ஒன்றைப் போல ஒன்று. ஒன்றுகூடக் கோணலில்லை, ஒன்றுகூடப் பிசிறில்லை. இத்தனை வருஷம் எதற்காகப் பெருமைப்பட்டாரோ அதுவே இன்று அவர் கழுத்தைப் பிடித்தது.

மணி நாலே முக்கால்.

"திறக்க வேண்டாம் டாக்டர்" என்றாள் மகள். "தொட்டுப் பார்க்கலாமில்ல?"

"தொடு, தாராளமா. ஆனா நகம் கடிக்கிறதை நிறுத்து. முன்பல் தேய ஆரம்பிச்சிருக்கு, இங்கிருந்தே தெரியுது."

வக்கீலம்மா சட்டென்று விரலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் போனாள். ஒவ்வொரு பெட்டியிலும் மேல்மூடியில் ஓடிய டேப் பக்கவாட்டில் நாலு விரல் இறங்கி முடிந்திருந்தது. அந்த முடிவை மட்டும் ஆட்காட்டி விரலால் தடவினாள். அடுத்தது. அடுத்தது. பெட்டியை அசைக்கவில்லை, தூக்கவில்லை. முதல் வரிசை முடிந்தது. இரண்டாவது முடிந்தது. டேப் அண்ணன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். கேட்கலாமென்றால் பயமாக இருந்தது. ஆறாவது வரிசையில், கீழிருந்து இரண்டாவதில் அவள் விரல் நின்றது. திரும்பச் சரிபார்த்தாள். இதுவரை இறுகியிருந்த அவள் தோள் அப்போதுதான் இறங்கியது.

"இதுதான்."

"எப்படிச் சொல்றே?" என்று அப்பாவும் டாக்டரம்மாவும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"நுனியைப் பாருங்கப்பா."

குனிந்து பார்த்தார். டேப்பின் கடைசி அரை அங்குலம் உள்பக்கமாக மடித்து ஒட்டப்பட்டிருந்தது. இரண்டு விரலால் பிடித்து இழுக்க வாகாக, சின்னதாக ஒரு காது மாதிரி. மற்ற பெட்டிகளைப் பார்த்தார். ஒன்றிலும் இல்லை. எல்லாம் நுனிவரை தட்டையாக, நகமும் கத்தியும் இல்லாமல் கிளப்பவே முடியாதபடி ஒட்டியிருந்தன. அதுதான் கம்பெனி முறை.

"இதை யாரு மடிச்சது?" என்றார்.

மகள் அவரை உற்றுப் பார்த்தாள். "உங்களுக்கே தெரியாதா?"

"நானா?"

"எனக்கு ஆறு வயசா இருக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு ஒரு அட்டை வீடு செஞ்சு பெட்டியில ஒட்டிக் கொடுத்தீங்க. என்னால திறக்க முடியலை. எனக்குத்தான் நகமே கிடையாதே. வகுப்பு முழுக்கப் பார்க்க அழுதேன். அதுக்கப்புறம் எனக்குன்னு நீங்க எதை ஒட்டினாலும் நுனியை மடிச்சிருப்பீங்க. புத்தகப் பார்சல், கலர் டப்பா, பிறந்தநாளுக்கு வாங்கின ஷூ, எல்லாம். டேப்புன்னாலே அப்படித்தான் ஒட்டுவாங்கன்னு நான் நினைச்சிட்டிருந்தேன். ரெண்டு வருஷம் முன்னால லீவுல உங்க கிடங்குக்கு வந்தேனில்ல, அப்பதான் பார்த்தேன். ஊர்ல யாருக்கும் நீங்க மடிக்கலை."

"ஏம்மா என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா யோசிச்சு யோசிச்சு மடிப்பீங்க. அப்புறம் கெட்டுப்போயிடும்."

டேப் அண்ணன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பன்னிரண்டு வருஷமாகத் தன் கை செய்துவந்த ஒன்றைத் தானே அறியாமல் இருந்திருக்கிறார்! அதை இந்தப் பெண் கவனித்து, மனசுக்குள் பத்திரமாக வைத்து, வேண்டிய நேரத்தில் எடுத்திருக்கிறாள். இவள் மண்ணைப் படிக்கட்டும், மலையைப் படிக்கட்டும், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள் என்று அந்த நிமிஷம் அவருக்கு உறுதியாயிற்று. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாற்காலியின் உறையைச் சரிசெய்வதுபோல் நின்றார்.

பெட்டியை வெளியே எடுத்தார்கள். மகள் மடித்த நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. டேப் சர்ரென்று கழன்றது. விரிப்புகளுக்கு நடுவே கையை விட்டு ஃபைலை எடுத்தாள். ஒவ்வொரு தாளாகச் சரிபார்த்துவிட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"சர்டிபிகேட், நகை, மருந்து…" என்று இழுத்தாள்.

"கையில" என்றார் அவர் பள்ளிப்பிள்ளை போல.

"நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க."

மூடியை மறுபடி ஒட்ட மணிக்கட்டிலிருந்து டேப்பை உருவினார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் ஒட்டிய டேப் கோணலாகப் போனது. நுனிக்கு வந்ததும் கை நின்றது. எவ்வளவு மடிப்பது, எந்தப் பக்கம் மடிப்பது என்று யோசனை வந்துவிட்டது.

"பார்த்தீங்களா, நான் சொன்னேனில்ல" என்று மகள் சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே மடித்தார்.

"போயிட்டு வா, லீவுல வரும்போது வந்து பல்லைக் காட்டிட்டுப் போ" என்று டாக்டரம்மா வாசல்வரை வந்தார். அவள் கண் கூர்மையை மெச்சி இன்னும் என்னவோ சொன்னார். வேன் கிளம்பிவிட்டதால் பாதிதான் கேட்டது.

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல் பறந்து ஆறு இருபதுக்குப் பஸ் நிலையம் சேர்ந்தார்கள். அம்மா தூரத்திலிருந்தே நீல ஃபைலைப் பார்த்துவிட்டாள். திட்ட வைத்திருந்ததையெல்லாம் மறந்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெட்டி பஸ்ஸின் வயிற்றுக்குள் போனது. கண்டக்டர் அவசரப்படுத்தினார். கடைசி நேரத்தில் சொல்ல வேண்டும் என்று டேப் அண்ணன் ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த புத்திமதிகள் ஏராளம். ஒன்றும் வரவில்லை. "உன்னை நினைச்சா எனக்குப் பெருமையா இருக்கும்மா" என்று மட்டும் சொன்னார். அவள் ஜன்னல் வழியாக ஃபைலைத் தூக்கிக் காட்டினாள். பஸ் திரும்பி மறையும்வரை நின்றுவிட்டு வேனுக்கு வந்தார்.

மறுநாள் காலை அவருக்கு வேலை ஓடவில்லை. வீடு காலி செய்கிற ஒரு குடித்தனக்காரரின் சமையலறையில் கண்ணாடி டம்ளர்களைக் குமிழ் பிளாஸ்டிக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றிய டம்ளரையே இரண்டு தடவை சுற்றினார். ஒன்பது மணி. ஒன்பதே கால். ஒன்பதரை. பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போன் அடித்தது.

"கையெழுத்துப் போட்டாச்சுப்பா!"

அப்பாடா என்று சுவரில் சாய்ந்தார்.

"ரூமும் கொடுத்துட்டாங்க. காரிடார் முழுக்க எல்லாரும் கத்தி, கத்தரிக்கோல்னு தேடிட்டிருக்காங்க, ஒருத்தராலயும் பெட்டியைத் திறக்க முடியலை. நான் ரெண்டு விரலால இழுத்துத் திறந்துட்டேன். பல்புகூட உடையலை. என் ரூம்ல இருக்கிற பொண்ணு அப்படியே பார்த்துட்டு நின்னா. 'எந்தக் கம்பெனி கட்டினது இது?'ன்னு கேட்டா."

"நீ… என்னம்மா சொன்னே?"

"எங்க அப்பா கட்டினதுன்னு சொன்னேன்."

டேப் அண்ணன் கையில் இருந்ததை வைத்தே கண்ணை ஒற்றிக்கொண்டார். குமிழ் பிளாஸ்டிக்கால் துடைத்தால் கண்ணீர் போகுமா? முகமெல்லாம் ஈரம்தான் பரவியது. வாசலில் நின்ற குடித்தனக்காரர், "என்னங்க, ஏதாவது உடைஞ்சிடுச்சா?" என்று பதறிப்போய்க் கேட்டார்.